உச்சிவெயிலில் தலை சுற்றுகிறது, டாக்டரம்மா

கேள்வி:

சாத்தூர் பக்கம் அச்சங்குளத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34. கல்யாணமான வருஷத்திலிருந்தே பட்டாசு ஆலை வேலைதான். இப்போது மருந்து செலுத்துகிற ரூமில் இருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் தலை சுற்றும், கண்ணைக் கட்டும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். ரூமில் ஃபேன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டேன். கக்கூஸ் தூரம், போய் வந்தால் வேலைக்கணக்கு குறையும். அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவேன். இப்போது ஒன்னுக்குப் போகும்போது எரிச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். நின்றது, மறுபடி வந்துவிட்டது. என் தங்கைக்கு நாலு மாசம். அவளும் என்னோடுதான் வேலைக்கு வருகிறாள். ஏழு வயதுப் பையனுக்குப் போன தீபாவளி முடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. ஊசி போட்டதும் விட்டது என்று இருந்துவிட்டோம். மறுநாள் பிள்ளை துவண்டு போனான். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தான். வெயில்காலத்தையும் மழைக்காலத்தையும் நாங்கள் எப்படித் தாண்டுவது?

– பெயர் வெளியிட வேண்டாம், அச்சங்குளம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தங்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் சில நாள் பொறுக்கலாம், அதற்குப் பொறுக்க முடியாது. மருந்து ரூமிலிருந்து அவரை இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். போர்மேனிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். நிழலில் உட்கார்ந்து, மருந்துப் பொடி படாமல் செய்யும் வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் வெயில் தணியும்வரை வீட்டில் இருப்பதுதான் நல்லது. இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்கள் நம் ஊர்களில் வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் பாடுபட்ட பெண்கள். வெளிநாட்டுக் கணக்கு என்று தள்ள வழியில்லை.

வருமானம் போகுமே என்று தங்கை கேட்பார். இ.எஸ்.ஐ. பிடித்தம் நடக்கிறதா என்று பாருங்கள். உரிய நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால் பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளம் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவியும் உண்டு. பதிவு இன்னும் ஆகவில்லையென்றால் கிராம சுகாதார செவிலியரை நாளைக்கே பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி.

தலைச்சுற்றலும் கண் கட்டுவதும் கெண்டைக்கால் பிடிப்பும் தனித்தனி நோய்கள் அல்ல. வியர்வையில் போன நீரையும் உப்பையும் நீங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை என்று உடம்பு சொல்வதுதான் மூன்றும். நம் உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். வெளியே அதைவிடச் சூடு ஏறிவிட்டால் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்ப்பது. கடுமையாக உழைக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வியர்வையாகப் போய்விடும். ரத்தத்தில் நீர் குறைகிறது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது. கடைசியில் மூளைக்குப் போவது குறைந்து கண் இருட்டுகிறது.

உங்கள் வட்டாரத்தின் வெயில் காய்ந்த வெயில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம், கரிசல் பூமி. 1920-களில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள்; அந்தத் தொழிலும் பிறகு பட்டாசும் அங்கே வேரூன்ற இந்த வறட்சியும் ஒரு காரணம். ஒட்டிய குழாயும் திரியும் சீக்கிரம் காய வேண்டும்; அதற்கு மழை குறைந்த ஊர் வேண்டும். திரியைக் காயவைக்கும் அதே காற்று உங்கள் வியர்வையையும் வந்த வேகத்தில் உறிஞ்சிவிடுகிறது. சேலை நனையாததால் "எனக்கு அவ்வளவாக வியர்ப்பதில்லை" என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னைக்காரர் சட்டை தொப்பலாக நனைந்து இழக்கும் நீரை, நீங்கள் சேலை நனையாமலே இழக்கிறீர்கள். தாகம் எடுக்கட்டும், குடிக்கலாம் என்று இருந்தால் அதற்குள் நேரம் கடந்திருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு வேலையில் தலை சுற்றினால் உட்கார்ந்து எழுந்துவிடலாம். நீங்கள் செய்வது மருந்து செலுத்தும் வேலை. உடம்பில் நீர் குறைந்து சூடு ஏறினால் கவனம் சிதறும், கை நிதானம் குறையும், முடிவெடுப்பது தாமதமாகும். உங்கள் ஊருக்கு நான் விபத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதியை அச்சங்குளம் மறந்திருக்காது. அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த விபத்துக்கு வெயில்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. கலவையில் உராய்வு, அளவுக்கு மீறிய ஆட்கள், உள்குத்தகை என்று விபத்துகளுக்குப் பல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் மயக்கம் வரும் நிலையில் ஒருவரை மருந்துக்கு முன் உட்காரவைப்பது, அந்த ரூமில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. பருத்தி உடுத்துவது, செருப்பைக் கழற்றுவது, இரும்புச் சாமான் எடுத்துப் போகாதது என்று பாதுகாப்புக்கு நீங்கள் பழகிவைத்திருக்கும் வரிசையில் தண்ணீர் குடிப்பதையும் சேர்த்துவிடுங்கள். போர்மேனிடம் பேசும்போதும் "எனக்கு முடியவில்லை" என்று தொடங்காமல், "ரூமுக்குப் பாதுகாப்பு" என்று தொடங்கிப் பாருங்கள்.

எவ்வளவு குடிப்பது? வெயிலில் வேலை நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதைவிடச் சிறுகச் சிறுகக் குடிப்பது உடம்பில் தங்கும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வேறு சிக்கல் வரும். குடிதண்ணீரை மருந்து இருக்கும் ரூமுக்குள் வைக்காதீர்கள். பொடி விழும். வாசலுக்கு வெளியே நிழலில், மூடி போட்ட பாட்டிலோ பானையோ இருக்கட்டும். எழுந்துபோய்க் குடிப்பதே ஒரு நிமிட ஓய்வுதான்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு உப்பும் வேண்டும். காலையில் கம்பங்கூழோ, நீராகாரத்தோடு பழைய சோறோ சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன உங்கள் பாட்டிமார் செய்தது சரியான வைத்தியம். அதை விட்டுவிட்டு வெறும் டீயோடு கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள்தான் இப்போது அதிகம். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே குடித்துவிடுங்கள், வெயிலில் புளித்துக் கெடும். மிகவும் சோர்ந்த நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவால் சாகக் கிடந்தவர்களை டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றியது உப்பும் சர்க்கரையும் கலந்த இந்தத் தண்ணீரை வைத்துத்தான். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து டம்ளரில் கொஞ்சம் போட்டுக் குடிப்பது தவறு. உப்பின் கணக்கு மாறிவிடும். கடையில் விற்கும் கலர் பானம் இதற்கு ஈடாகாது.

ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உங்கள் ரூமில் இருந்தால், மேலே சொன்ன உப்புக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் சொல்லி, கோடைக்கு முன் ஒருமுறை டாக்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது கக்கூஸ் விஷயம். பட்டாசு வட்டாரத்துப் பெண்கள் சிறுநீர்த் தொந்தரவோடு என்னிடம் வரும்போது நான் முதலில் கேட்பது, "வேலை செய்யும் இடத்தில் எத்தனை தடவை போவீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு "போக மாட்டேன்" என்பார்கள். இதில் நீங்கள் வெட்கப்பட எதுவுமில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஒருத்தி, நடக்கும் நேரத்தையும் காசாகத்தான் பார்க்க முடியும். ஆனால் உடம்பு அதற்கு வேறு விலை வாங்குகிறது. நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், பல மணி நேரம் அடக்கினால் கிருமி பெருகும், எரிச்சல் வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் கல், பிறகு சிறுநீரகத்தின் வேலைத்திறனே குறையும். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடாரின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாத இளம் தொழிலாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்கு, வெப்பத்தில் ஓய்வில்லாமல் உழைத்ததை முக்கியக் காரணமாக மருத்துவர்கள் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டிருக்கிறார்கள்.

எனவே மெடிக்கல் மாத்திரையை நிறுத்துங்கள். இரண்டு நாள் போட்டு எரிச்சல் நின்றதும் விட்டுவிட்டால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். டாக்டர் எத்தனை நாளுக்கு மாத்திரை எழுதுகிறாரோ அத்தனை நாளும் போடுங்கள். குளிர்காய்ச்சலோடு இடுப்புக்கு மேல் முதுகு வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தினசரிக் கணக்குக்குச் சிறுநீரின் நிறமே போதும். வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி; கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்று வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிநீரும் கொடுப்பது முதலாளியின் தயவு அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் போட்ட கடமை அது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்காலத்தில் தண்ணீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஒருத்தியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. நாலு ரூம் பெண்கள் சேர்ந்து கேளுங்கள். தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் மருந்து இருப்பை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஆலை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வேலையிடத்தில் வெப்பத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோர் புதிதாக வேலைக்கு வந்த முதல் சில நாட்களில்தான் சாகிறார்கள். ஆலை பூட்டிக் கிடந்து கோடையில் திறக்கும்போதும், புது ஆள் சேரும்போதும் முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள். புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டலாம். விடியலில் தொடங்கி உச்சிக்கு முன் கடினமான வேலையை முடிக்கும் வழக்கம் மருந்துக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.

சகோதரி, உங்கள் ரூமில் யாராவது வெயிலில் உளற ஆரம்பித்தால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெறும் மயக்கமல்ல. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தாக்கிவிட்டது. வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்று சொல்வார்கள். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை இருந்துகொண்டேயும் இது வரும். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். போன் செய்வது ஆலை வாசலுக்கு வெளியே. மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, தலை முதல் கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே அட்டையால் விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நனைத்த துணி வையுங்கள், ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணமும் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் வெயிலால் நடந்தது என்று பதிவாகாவிட்டால் அது கைக்கு வருவது கடினம். கூட வந்தவர்கள் அதைச் சொல்ல வேண்டும்.

வியர்த்த தோலில் மருந்துப் பொடி அதிகமாக ஒட்டும். நிற வெடிகளுக்குச் சேர்த்துவந்த பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கித் தசைகள் தளரும். 2018-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இருந்தாலும் ரூமுக்கு வரும் எந்தப் பொடியையும் விஷமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் முன் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். முகத்து வியர்வையை முந்தானையால் துடைக்காமல், தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை குளியல். வேலைச் சேலையோடு அடுப்படிக்குப் போகவே கூடாது. பொடி படிந்த துணியில் ஒரு பொறி போதும். பிள்ளையைத் தூக்குவதும் குளித்த பிறகுதான்.

இரவில் உடம்பு ஆறாவிட்டால் மறுநாள் வெயிலைத் தாங்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் காங்கிரீட் தளத்துக்கும் மாசியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், உள்ளே சூடு குறையும். படுக்கும் முன் ஒரு குளியல், ஈரத்துணியால் கைகால் துடைத்துவிட்டு ஃபேன் காற்று. மொட்டைமாடியில் படுத்தால் கொசுவலை.

கொசு என்றதும் உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் தீபாவளியோடு ஆலை வேலை ஓய்கிறது, அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. பட்டாசுப் பரபரப்பில் மாதக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட டிரம்மும் தொட்டியும் வீட்டைச் சுற்றிக் கிடக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளராது. நீங்கள் பிடித்துவைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் பிடித்துவைக்காதே என்று நான் சொல்ல முடியாது. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், தொட்டியைக் காலிசெய்து உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டுவதால் மட்டும் போகாது. முட்டை கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு தேய்ப்பு போதும். பிறகு துணியால் வாய் கட்டி மூடுங்கள். வீட்டின் பின்னால் கிடக்கும் டயர், ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை எதிலும் மழைநீர் நிற்க விடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், பிள்ளையின் எடைக்குத் தகுந்த அளவில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் மற்ற ஊசி மாத்திரைகளில் பல, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். "ஒரு ஊசி போட்டால் விட்டுவிடும்" என்று கேட்டு வாங்காதீர்கள். நிலவேம்புக் கசாயம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது. கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள். முதல் காய்ச்சல் எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிவையுங்கள், டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

போன தடவை உங்கள் பிள்ளைக்கு நடந்தது டெங்குவின் வழக்கமான போக்கு. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்; ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான நேரமும் அதுதான். உடம்பு குளிர்ந்திருக்கும், பிள்ளை துவண்டிருப்பான். ஒருமுறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு மறுபடி வரலாம், இரண்டாவது சில நேரம் முதலாவதைவிடக் கடுமையாகவும் இருக்கும். ஆகவே இந்த ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டபின் வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, ஆறு மணி நேரமாக ஒன்னுக்குப் போகவில்லை என்றாலோ விடியும்வரை காத்திருக்காமல் சாத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் 108-இலேயே போங்கள். உங்கள் சிறுநீர், கிரியாட்டினின் முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். தங்கை எந்த வேலைக்கு மாறினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.